மூன்று முறை கூப்பிடுவார்கள்

பிள்ளைகளின் மனம் புண்படக் கூடாது என்பதில் அந்தப் பள்ளி நிர்வாகம் மிகவும் கவனமாக இருந்தது. அதனால்தான் அவர்களைக் கெட்டிக்காரர்கள், சுமாரானவர்கள், மக்குகள் என்று பிரிக்காமல், உச்சம், உச்சத்தை நெருங்குவோர், உச்சத்தை மதிப்போர் என்று மூன்று குழுக்களாகப் பிரிக்க முடிவுசெய்தார்கள். மூன்று பெயரிலும் உச்சம் என்ற சொல் வருகிறதே, இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடியவர்கள் சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். தங்கள் பிள்ளை எந்தக் குழுவுக்குப் போகும் என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

நம் டிரைவருக்குத் தெரியாது. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு நடைகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் சீருடையோடு ஓடி வந்திருந்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில் கடைசிச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகள் பட்டு அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

புதிதாக வந்திருந்த திறன் ஒருங்கிணைப்பாளர் மேடையேறினார். அதற்கு முன்னால் அவர் ஒரு பழக் கிடங்கில் தரம் பிரிக்கும் பகுதிக்கு மேலாளராக இருந்தவர். அதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்.

"பழத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தாங்க," என்றார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு. "பழம் கெட்டுப்போனா வாடை வரும், கண்டுபிடிச்சிடலாம். பிள்ளைங்ககிட்ட அந்த வசதி இல்ல. அதனால கெடறதுக்கு முன்னாடியே பிரிச்சிடணும். நல்ல பழத்த சுமார் பழத்தோட ஒரே பெட்டியில போட்டா என்ன ஆகும்? சுமார் பழம் தானும் நல்ல பழம்னு நினைச்சுக்கும். அது நல்ல பழத்துக்குச் செய்யற துரோகம்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் டிரைவர் கையைத் தூக்கினார். "சார், பிரிச்சதுக்கு அப்புறம் மதிப்போர் குழுவுக்கு என்ன சொல்லிக்குடுப்பீங்க?"

"நல்ல கேள்வி. கைதட்டச் சொல்லிக்குடுப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. திறமை என்பது தனியாக வளராது, அதைப் பார்த்து வியக்க ஆள் வேண்டும், அந்த ஆட்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்குவதும் பள்ளியின் கடமை என்று அவர் பொறுமையாக விளக்கினார். விளையாட்டு ஆசிரியர் அடுத்த வாரத்திலிருந்து கைதட்டல் ஆசிரியராக மாற்றப்பட்டார்.

பட்டுவுக்கு ஒரு தோழி உண்டு. எதிர்வீட்டு நர்ஸின் மகள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளுடைய அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள். நர்ஸுக்கு வேலை நேரம் மாறி மாறி வருவதால் ரேடியோ பாதி நாள் டிரைவர் வீட்டில்தான் சாப்பிடுவாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வேண்டிய அளவு நாற்காலிகள் இருந்தும், இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாகத்தான் உட்காருவார்கள். விழுந்து தொலையப் போறீங்க என்று டிரைவரின் மனைவி தினமும் கத்துவாள். ஒருநாளும் விழுந்ததில்லை.

குழு பிரிக்கும் தேர்வு நடந்தது. நான்கு நான்கு பேராக அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலிகளில் உட்காரவைத்து, ஒருங்கிணைப்பாளர் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஓர் அறையில் நான்கு நாற்காலிகள் இருக்கின்றன, ஐந்து பேர் இருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்?

"ரெண்டு பேர் ஒரே நாற்காலியில உக்காந்துக்கலாம் சார்," என்றாள் ரேடியோ. "நானும் பட்டுவும் அப்படித்தான் உக்காருவோம். கொஞ்சம் சாஞ்சுக்கணும், அவ்வளவுதான். நீங்க வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க சார்."

விதியை வளைக்கும் போக்கு, அதிகப் பேச்சு என்று அவளுக்கு மதிப்பெண் போடப்பட்டது.

பட்டு சுற்றிலும் பார்த்தாள். நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஐந்தாவது ஆளாக இந்த சார்தான் நின்றுகொண்டு கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடுகிறார். அவளுக்குப் பயமாக இருந்தது. "அஞ்சாவது ஆள வெளிய அனுப்பிடலாம் சார்," என்றாள் மெதுவாக.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. இத்தனை சின்ன வயதில் இத்தனை தெளிவா என்று தலைமையாசிரியையிடம் ஓடினார். பட்டு உச்சத்துக்குப் போனாள். ரேடியோ மதிப்போர் குழுவுக்குப் போனாள்.

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பரம்பரையில் யாரும் எதிலும் உச்சத்துக்குப் போனதில்லை. தலைமையாசிரியை அவரைத் தன் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, டீ கூடக் கொடுத்தார். "இனிமே அவ உங்க பொண்ணு இல்ல, எங்க பொண்ணு. எந்தக் காலத்திலயும் நாங்க அவள கைவிட மாட்டோம்," என்றார். டிரைவர் கண்கலங்கிவிட்டார்.

"ஒரு சின்னச் சடங்கு மட்டும் இருக்கு," என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஏற்றம்னு பேரு. பள்ளிக்கூடம் மொத்தமும் பாக்க, பொண்ணு பழைய வரிசையிலிருந்து புது வரிசைக்கு நடந்து போகணும். பின்னாடி நிக்கிற நெருங்கின தோழி மூணு தடவ கூப்பிடுவா. திரும்பிப் பாக்கக் கூடாது."

"பாத்தா?"

"இறக்கிடுவோம். பாசங்கிறது ஒரு எடைங்க. எடையத் தூக்கிக்கிட்டு மேல ஏற முடியாது."

"எனக்குப் பொழப்பே திரும்பிப் பாக்கறதுதான் சார்," என்று டிரைவர் சிரித்தார். "கண்ணாடியில பின்னாடி பாக்கலேன்னா வண்டிய நகர்த்தவே முடியாது."

ஒருங்கிணைப்பாளர் அவரைக் கவலையோடு பார்த்தார். பிள்ளையிடம் இந்தப் பேச்செல்லாம் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வீட்டில் பயிற்சி தொடங்கியது. பட்டு கூடத்தில் நடக்க வேண்டும், டிரைவர் சமையலறை வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

"பட்டு!"

"என்னப்பா?" என்று திரும்பினாள்.

"திரும்பக் கூடாதும்மா."

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"கூப்பிடுவேன். ஆனா நீ திரும்பக் கூடாது."

"அப்புறம் எதுக்குப்பா கூப்பிடறீங்க?"

டிரைவருக்கும் அது புரியவில்லை. பெரிய படிப்பில் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். திரும்பாமல் நடந்தால் ஒரு சாக்லேட் என்று ஆசைகாட்டினார். முதலில் தோள் துடித்தது, பிறகு கழுத்து மட்டும் துடித்தது, பிறகு அதுவும் நின்றது. பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிட்டார், கொஞ்சிக் கூப்பிட்டார், கீழே விழுந்தவர்போல ஐயோ என்று கத்திக்கூடப் பார்த்தார். மகள் கல்லுமாதிரி நடந்து சுவரைத் தொட்டாள்.

"பெத்த பொண்ண, கூப்பிட்டா திரும்பாதேன்னு பழக்குற அப்பன இந்த உலகத்துலயே நான் பாத்ததில்ல," என்றாள் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்ப வைப்பதுதான் அவளுக்கு நாள் முழுவதும் வேலை.

மறுநாள் பணிமனையில் டிரைவர் பெருமையடித்துக்கொண்டபோது கண்டக்டர் ஒரு சந்தேகம் கேட்டார். "ஏம்பா, ரோட்ல வண்டி வருதுன்னு கூப்பிட்டாலும் திரும்பாதா?" டிரைவர் இதை யோசிக்கவில்லை. வாயில் அடிப்பா என்று கண்டக்டரைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

சடங்குக்குப் போகும் வழியில் பஸ்ஸில் பட்டு, அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள். "அப்பா, கண்ணாடியில பாத்தா அது திரும்பிப் பாத்ததுல சேருமா?"

"ஏம்மா?"

"ஒரு சின்னக் கண்ணாடி கொண்டுபோனா ரேடியோவப் பாத்துக்கிட்டே போலாம்."

"அதெல்லாம் வேண்டாம். பிடிச்சிட்டாங்கன்னா வம்பு," என்றார் டிரைவர்.

சடங்கு மைதானத்தில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் ரேடியோவைத் தட்டிக்கொடுத்து, நல்லாச் சத்தமா கூப்பிடு, உன் சிநேகிதி திரும்பிக் கையாட்டுவா என்று சொல்லியிருந்தார். பொய் சொன்னால்தான் குரலில் உண்மை வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ரேடியோ அதை நம்பிக் காலையிலிருந்தே துள்ளிக்கொண்டிருந்தாள்.

பட்டு நடந்தாள். "பட்டூ!" என்று ரேடியோ சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். பட்டு திரும்பவில்லை. காதில் விழவில்லைபோல என்று எக்கி நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. மூன்றாவது முறை அவள் கூப்பிட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

பட்டு உச்சத்தின் வரிசையைத் தொட்டாள். கைதட்டல் ஆசிரியர் கைக்குட்டையை அசைத்தார். மதிப்போர் குழு ஒரே சீராகக் கைதட்டியது. வரிசையில் நிற்கிற யாரும் தட்டாமல் இருக்கக் கூடாது என்பது விதி. ரேடியோவும் தட்டினாள்.

திரும்பும்போது ரேடியோ பஸ்ஸில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தடத்தில் அவள் பேசாமல் வருவதை டிரைவர் அன்றுதான் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டார். சரியாகவில்லை. ரேடியோ டிரைவர் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டாள். மாடிப்படியில் டிரைவர் எதிர்ப்பட்டால், நர்ஸ் வேலை இருக்கிறது என்று வேகமாக இறங்கிப் போய்விடுவாள்.

பள்ளி அதோடு நிற்கவில்லை. உச்சத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குள்ளும் உயரம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் மற்றவர்களின் நேரம் வீணாகிறது என்று ஒருங்கிணைப்பாளர் கண்டறிந்தார். உச்சத்தைப் பிரித்து மேலுச்சம் செய்தார்கள். மறுபடி ஏற்றம் நடந்தது. இந்த முறை பட்டுவின் புதுத் தோழன், கண்ணாடி போட்ட ஒரு பையன், அழுதுகொண்டே மூன்று முறை கூப்பிட்டான். பட்டு நடந்த அழகைப் பார்க்க வேற்றுப் பள்ளி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பிறகு மேலுச்சத்தைப் பிரித்து நுனி செய்தார்கள். நுனிக்கு ஒரே ஒரு ஆள்தான் தேறியது. அது பட்டு. அதற்குள் அவளுக்கு நெருங்கிய தோழி என்று யாரும் மிச்சமில்லாததால், விதியை மீற முடியாமல் காவலாளியை விட்டு ஒலிபெருக்கியில் கூப்பிடச் செய்தார்கள். "பட்டு அவர்கள், பட்டு அவர்கள், பட்டு அவர்கள்," என்றார் காவலாளி. மைதானமே எதிரொலித்தது. அவள் காது மடல்கூட அசையவில்லை.

நுனிக்கு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஒரு பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். பார்வையாளர்கள் படியேறி வந்து, ஒரு மேசை ஒரு நாற்காலியோடு உட்கார்ந்திருக்கும் பட்டுவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தது. அறைக்கு ஆசிரியர் கிடையாது. இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி பள்ளியில் யாருக்கும் இல்லை என்று தலைமையாசிரியை பார்வையாளர்களிடம் பெருமையாகச் சொன்னார். அந்தத் தகுதி உள்ள ஆளைத் தேடுகிறீர்களா என்று யாரோ கேட்டதற்கு, தேடினால் நம் பெருமை குறைந்துவிடுமே என்றார்.

கீழ்த்தளத்தில் மதிப்போர் குழு முன்னேறிக்கொண்டிருந்தது. வரவேற்புக் கைதட்டல், வியப்புக் கைதட்டல், ஏற்றத்துக்கான கைதட்டல் என்று தனித்தனிப் பாடங்கள் வந்துவிட்டன. யாரையாவது மூன்று முறை கூப்பிட்டு அவர்கள் திரும்பாவிட்டால் ஏற்றத்துக்கான கைதட்டல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடப் பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள். அதில் ரேடியோதான் முதல். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று மற்றவர்கள் அவள் கையைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் பட்டு இப்போது நாற்காலியின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட வா என்று அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று சொன்னால்தான் எழுந்து வருவாள். "வேணும்னு பண்றியாடி?" என்று ஒருநாள் அம்மா உலுக்கிக் கேட்டாள்.

"இல்லம்மா. கழுத்து வரமாட்டேங்குது," என்றாள் பட்டு.

டிரைவர் அப்போதும் பள்ளியை நம்பினார். இவ்வளவு செய்கிறவர்களுக்குத் தெரியாதா என்பதுதான் அவர் வாதம்.

பருவ முடிவில் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு நடைகளுக்கு நடுவில் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போனார். ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள்! நுனிக் குழுவுல உங்க பொண்ணு முதலிடம்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அதோட ஒரு வருத்தமான செய்தியும் இருக்கு," என்று அதே கையைப் பிடித்தபடியே அவர் தொடர்ந்தார். "நுனிக் குழுவுல உங்க பொண்ணு கடைசியிடமும்கூட."

டிரைவர் சிரித்தார். பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒவ்வொரு குழுவிலயும் கடைசியா வர்றவங்கள இறக்கிடறது நம்ம விதி," என்றார் ஒருங்கிணைப்பாளர். "எல்லாக் குழுவிலயும் செஞ்சாச்சு. இங்க மட்டும் செய்யலேன்னா பாரபட்சம்னு பேராயிடும்."

"இருக்கிறதே ஒரு ஆள்தானே சார்? ஒரு ஆள்ல கடைசின்னா என்ன அர்த்தம்?"

"அந்த ஒரு ஆளுக்கு அப்புறம் யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அவதான் கடைசி."

டிரைவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சரி, இறக்குங்க. பழைய உச்சத்துக்கே அனுப்புங்க. இல்ல, அந்த நெருங்குவோருக்காவது அனுப்புங்க."

"எங்கயும் நாற்காலி இல்லங்க. ஒரு ஆள் கூடிட்டா அவங்கள வெளிய அனுப்பணும். உங்க பொண்ணு தேர்வுல சொன்ன பதில்தான் அது. அத நாங்க பள்ளியோட கொள்கையாவே ஆக்கிட்டோம். அவளுக்கு அது பெரிய கௌரவம். மதிப்போர் குழுவுல மட்டும் இடம் இருக்கு. தட்டறதுக்கு எத்தன பேர் வந்தாலும் நல்லதுதான்."

டிரைவர் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "நீங்க எனக்கு வாக்கு குடுத்தீங்கம்மா. எங்க பொண்ணுன்னு சொன்னீங்க. கைவிட மாட்டோம்னு இதே நாற்காலியில உக்காந்து சொன்னீங்க."

"கைவிடலயே," என்றார் தலைமையாசிரியை அன்போடு. "இறக்கி வைக்கிறோம்."

நன்றாக ஏமாந்துவிட்டோம் என்று டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது. மொட்டைமாடி அறையின் கண்ணாடிச் சுவரை உடைக்க வேண்டும்போல, ஒருங்கிணைப்பாளரின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் வாழ்நாளில் பயணிகள் யாரையும்கூட அதட்டிப் பேசியதில்லை. இறங்குவதற்குச் சடங்கு ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டார்.

"கிடையாது. பின்பக்கப் படியில இறங்கிடலாம்."

"இறங்கும்போதாவது அவ திரும்பிப் பாக்கலாமா?"

"தாராளமா. ஆனா எதப் பாக்க? அவளுக்குப் பின்னாடிதான் யாருமே இல்லியே."

டிரைவரே மொட்டைமாடிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு இறங்கினார். பட்டு, ரேடியோ எந்த அறையில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் அவள் நடையில் கொஞ்சம் வேகம் கூடியது. டிரைவருக்கும் ஒரு ஆறுதல் வந்தது. போனது போகட்டும், இரண்டு பேரும் பழையபடி ஒன்றாக இருக்கப் போகிறார்கள், அது போதும் என்று நினைத்தார். பள்ளி செய்ததை எல்லாம் அந்த ஒரு வினாடியில் அவர் மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தார்.

கீழ்த்தள அறையில் பிள்ளைகள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கைதட்டல் ஆசிரியர் நின்றார். முதல் வரிசையில் ரேடியோ. அவள் நாற்காலியில் பாதி காலியாக இருந்தது. எத்தனை காலமானாலும் அவள் அப்படித்தான் உட்காருவாள்போல. பட்டு அதைப் பார்த்தாள். டிரைவரும் பார்த்தார்.

"ரேடியோ," என்றாள் பட்டு.

ரேடியோவின் தோள் ஒருமுறை துடித்து நின்றது.

"ரேடியோ, நான்தான்."

மற்ற பிள்ளைகள் கையைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

"ரேடியோ."

ரேடியோ திரும்பவில்லை. ஆசிரியர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டாயிற்று, கூப்பிடப்பட்டவள் திரும்பவில்லை. பாடம் படித்த பிள்ளைகள் ஒரே சீராகக் கைதட்டினார்கள். எங்கே நிறுத்துவது என்று வழக்கம்போல ரேடியோவின் கையைப் பார்த்தார்கள். அவள் கை மடியிலேயே இருந்தது. அதனால் நிறுத்தத் தெரியாமல் வெகுநேரம் தட்டினார்கள்.

பட்டு கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலிக்குப் போய், அதன் நடுவில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெளியே தெருவில் டிரைவரின் வண்டி நின்றுகொண்டிருந்தது. நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். டிரைவருக்கு மகளை அங்கே விட்டுப்போக மனம் வரவில்லை. இந்தப் பள்ளியும் வேண்டாம், உச்சமும் வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது.

"பட்டு, எந்திரிம்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் திரும்பவில்லை.

"பட்டு, அப்பாம்மா."

தோள் துடிக்கவில்லை. கழுத்தும் துடிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று சாக்லேட் கொடுத்துப் பழக்கியபோது வந்த அதே நிமிர்வு.

"பட்டு!"

வகுப்பு மறுபடி கைதட்டியது. இந்த முறை தொடங்கியது ரேடியோ. சீரான, நல்ல கைதட்டல். கைதட்டல் ஆசிரியர் திருப்தியோடு தலையாட்டினார். ரேடியோ கையை நிறுத்தியதும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

டிரைவர் வாசற்படியில் நின்று நான்காவது முறையாகக் கூப்பிட்டார். நான்காவது முறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பாடத்தில் இல்லை. யாரும் கைதட்டவில்லை. பட்டுவும் திரும்பவில்லை.